அலை மீது போடப்படும் பொய்வழக்கு

கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும் நாட்களில் முல்லைத்தீவுக் கரையில் ஆண்டுதோறும் ஒரே பேச்சுத்தான். வாடை இறங்கியிருக்கும். கடல் கறுத்துக் கிடக்கும். நேற்றுவரை வள்ளம் ஏற்றிய மணல்திடல் இன்று செங்குத்தாக வெட்டுண்டு நிற்கும். "கடல் கரையைத் தின்னுது" என்பார்கள். சில நாளில் அது பத்திரிகைச் செய்தியாகும், பிறகு அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் ஒரு விடயமாகும், கடைசியில் இரண்டே சொல்லில் வந்து முடியும்: கல் கொட்டுங்கள்.

அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் முழுக் கொள்கை ஒன்று இருக்கிறது. நிலம் நிலையானது, கடல் அதை அரிக்க வருவது. அலை எவ்வளவு பெரிதோ கேடும் அவ்வளவு பெரிது. பவளம் பூப்போன்றது, பேரலை பட்டால் நொறுங்கிவிடும். ஆகவே அலையை மறிப்பதுதான் கரையைக் காப்பது. மேடையிலும் திட்ட அறிக்கையிலும் பாடசாலைப் பேச்சுப்போட்டியிலும் இதுவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எதிர்த்துக் கேட்பவர் குறைவு. இதன் ஒவ்வொரு வரியும் தவறு என்பதும், வன்னிக் கரையில் இதை நம்பிச் செலவழிக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொரு ஊரின் மணலைப் பறிக்கும் என்பதும்தான் இக்கட்டுரையின் வழக்கு.

முதலில் நிலப்படத்தைப் பார்க்க வேண்டும். கொக்கிளாயிலிருந்து சுண்டிக்குளம் வரை கிழக்குக் கரை நெடுகிலும் ஒரே அமைப்புத் திரும்பத் திரும்ப வருகிறது: வெளியே கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம், உள்ளே களப்பு. கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சாலை, சுண்டிக்குளம் என்று வரிசையாக. இவற்றில் எதையும் மனிதர் வெட்டவில்லை. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்து இன்றைய நிலையை அண்டியபோது ஆற்று வாய்களும் தாழ்ந்த பள்ளங்களும் நீரில் மூழ்கின. அவற்றின் வாயை மணலால் அடைத்து, வெளியே ஒரு வரம்பை எழுப்பியது அலை. செம்மலை, அலம்பில், வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், வலைஞர்மடம், மாத்தளன் ஆகிய ஊர்களின் கரைப்பக்கம் அந்த வரம்பின் மீதே இருக்கிறது. அலை இல்லாவிட்டால் அங்கே ஊர் இல்லை. திறந்த சேற்றுக்குடாதான் இருந்திருக்கும்.

2009இல் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த ஒடுங்கிய நிலத்தைச் செய்மதிப் படங்களில் உலகமே பார்த்தது. இலட்சக்கணக்கான மக்கள் கடைசியாகக் கால் ஊன்றிய மண் அது. எத்தனையோ பேர் அங்கேயே புதைந்துபோனார்கள். அதைத் திட்ட ஆவணங்களில் 'வெறும் மணல்திட்டு' என்று எழுதுவது வரலாற்றுக்கும் பொருந்தாது, புவியியலுக்கும் பொருந்தாது.

அடுத்த கேள்வி, எந்த அலை? கடலில் அலை ஒன்றல்ல. பக்கத்தில் அடிக்கும் காற்று எழுப்பும் அலை குறுகியது, செங்குத்தானது. ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்தாறு விநாடிதான் இருக்கும். தொலைதூரப் புயலில் பிறந்து, அந்தப் புயல் செத்த பிறகும் ஓடிவரும் நெட்டலை வேறு சாதி. அதன் இடைவெளி பன்னிரண்டு, பதினைந்து விநாடி, சிலவேளை அதற்கும் மேல். ஆழ்கடலில் பதினைந்து விநாடி அலையின் நீளம் 350 மீற்றர். ஆறு விநாடி அலைக்கு 56 மீற்றர். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம்வரை இறங்கும். ஆகவே வாடைக்காலக் குறுஅலை முப்பது மீற்றர் ஆழத்துக்குக் கீழே எதையும் தொடாது. நெட்டலையோ 175 மீற்றர் ஆழத்திலேயே அடித்தளத்தை உணரத் தொடங்கிவிடும். கரையை நெருங்க நெருங்க அது அடிமணலை உருட்டிக்கொண்டே வருகிறது.

நெட்டலை எவ்வளவு தூரம் போகும் என்பதை 1963இல் வால்டர் மங்க் என்ற கடலியலாளரின் குழு அளந்து காட்டியது. நியூசிலாந்து, சமோவா, பல்மைரா, ஹவாய், அலாஸ்கா எனப் பசிபிக்கின் குறுக்கே அளவுநிலையங்களை நிறுத்தி, தென்துருவப் பக்கத்துப் புயல் ஒன்றில் பிறந்த அலைகளைப் பதினாயிரம் கிலோமீற்றருக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். வழியில் அவை இழந்த சக்தி வியக்கத்தக்க அளவு குறைவு. இந்து சமுத்திரத்திலும் கதை அதுவே. தெற்கே நாற்பது ஐம்பது பாகை அகலக்கோட்டில் எழும் அலையின் சக்தி மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ ஆறு நாளில் இலங்கையைத் தொடுகிறது. அறுகம்குடாவில் சித்திரை முதல் புரட்டாதி வரை அலைச்சறுக்குக்கு வெளிநாட்டார் வந்து குவிவது இந்த அலைக்காகவே.

இப்போது கரையில் நடப்பது விளங்கும். வாடைக்காலத்தின் செங்குத்து அலை ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. ஏறிய நீர் வடிய முன்பே அடுத்தது வருகிறது. திரும்பும் நீர் மணலை இழுத்துக்கொண்டுபோய்ச் சற்று வெளியே, இரண்டு மூன்று பாகம் ஆழத்தில், நீருக்கடியில் ஒரு திட்டாகக் குவிக்கிறது. அந்தத் திட்டு கரையின் சேமிப்பு. அடுத்து வரும் பெரிய அலை அதன் மேலேயே உடைந்துவிடுவதால் கரைக்கு வந்து சேரும் அடி குறைகிறது. மாசி பங்குனியில் வாடை தணியும். அப்போது எஞ்சி நிற்கும் நீண்ட, தாழ்ந்த அலைகள் அதே மணலை மெல்ல மெல்ல மேலே தள்ளித் தருகின்றன. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு உப்புநீர் விளக்கேற்றச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுக்கப் போகிறவர்கள் மிதிக்கும் அகன்ற மணற்கரை, மார்கழியில் 'தின்னப்பட்டது' என்று செய்தியான மணல்தான். தின்றது திரும்பி வந்ததைப் பற்றி எந்தப் பத்திரிகையும் வைகாசியில் எழுதுவதில்லை. படமெடுப்பவர்கள் மார்கழியில் மட்டும் வருகிறார்கள். அரைவாண்டுக் கணக்கை வைத்து முழு ஆண்டுக்கும் தீர்ப்பு எழுதப்படுகிறது.

இந்தத் தவறான தீர்ப்பு ஊன்றிப்போனதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. அதை மதித்தே பேச வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரைத் தரைமட்டமாக்கியது. ஒரே காலையில் ஆயிரக்கணக்கானோர் போய்விட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் போய் அலை கரையைக் கட்டும் என்று சொல்வது கொடுமையாகக்கூடத் தோன்றும். ஆனால் ஆழிப்பேரலைக்கும் நெட்டலைக்கும் உறவுகூட இல்லை. ஒன்று கடலடித்தட்டு பிளந்து முழு நீர்த்திரளையும் தூக்கியதால் வந்தது. அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பல நிமிடங்கள், நீளம் நூறு கிலோமீற்றரையும் தாண்டும். மற்றது காற்று தந்த அலை. ஒன்றுக்கு அஞ்சி மற்றதற்கு மதில் கட்டினால் இரண்டிலிருந்தும் காப்பு இல்லை. கல்லணை ஆழிப்பேரலையை நிறுத்தாது. அதற்கு வேண்டியது முன்னெச்சரிக்கையும் உயரமான இடத்துக்கு ஓடும் பாதையும். 2005இல் வடக்கு கிழக்குக்கு அரசு 200 மீற்றர் கட்டுமானத் தடைவலயம் அறிவித்தது. மக்களிடம் கேட்காமல், தொழிலைக் கணக்கில் எடுக்காமல் விதித்ததால் அது வெறுப்பை விதைத்தது, பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் அதனுள் இருந்த எண்ணம், அதாவது கரை அசைய இடம்விட வேண்டும் என்பது, சரியானது. முறை கெட்டதால் எண்ணமும் சேர்ந்து கைவிடப்பட்டது பெரிய இழப்பு.

"தென்சமுத்திர அலை முல்லைத்தீவுக்கு எங்கே வருகிறது? இலங்கைத் தீவே மறைத்து நிற்கிறதே" என்று ஒரு தடை எழுப்புவார்கள். பாதி உண்மை. தென்மேற்கிலிருந்து வருவது தீவின் நிழலில் மாட்டிக்கொள்ளும். தென்கிழக்குப் பக்கமாக ஏறி வருவதும், தீவின் தென்கிழக்கு முனையைச் சுற்றி வளைவதும் மெலிந்து வந்து சேரும். ஆனால் மணலை நகர்த்தப் பேருருவம் தேவையில்லை. சோளகக் காலத்தில் நாள்தோறும், மணிதோறும், சாய்வாக வந்து விழும் சிறிய நெட்டலை ஒவ்வொரு மணலையும் ஒரு முழம் வடக்கே நகர்த்துகிறது. வாடை வந்ததும் வங்கக்கடலின் அலை அதில் ஒரு பங்கைத் தெற்கே திருப்புகிறது. தென்னலையோடு வங்கத்துப் புயல்களும் சேர்கின்றன. 2020 டிசம்பர் 2ஆம் நாள் புரேவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன் வடஇலங்கையைக் குறுக்கறுத்தே போனது. இந்தப் போக்குவரத்தின் மொத்தக் கணக்கே கரையின் வடிவம்.

அலை வராத கரை எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் வன்னியை விட்டு எங்கும் போக வேண்டாம். கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போனால் போதும். பூநகரி, நாச்சிக்குடா, அப்பால் இரணைதீவு. அது பாக்குநீரிணை, சராசரி ஆழம் பத்து மீற்றர் அளவுதான். தெற்கே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டுகள் மன்னார் வளைகுடாவின் நெட்டலையை உள்ளே விடுவதில்லை. அதனால் அங்கே சேறும் கடற்புல்லும். கடற்புல் இருப்பதால் இறாலும் நண்டும் கடலட்டையும். 1992இல் இடம்பெயர்க்கப்பட்ட இரணைதீவு மக்கள் 2018 சித்திரையில் கடற்படையை மீறி வள்ளங்களில் திரும்பிப் போனது அந்த வளத்தை நம்பித்தான். ஒரே மாவட்டத் தொகுதிக்குள் இரண்டு கடல், இரண்டு வாழ்க்கை. இரண்டையும் பிரித்தது அலை. கிழக்கே அலையை மறித்துவிட்டு மேற்கின் அமைதியைக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள், கிழக்கின் கரைவலையையும் சேர்த்தே இழப்பார்கள். மணற்கரை இல்லாமல் கரைவலை இழுக்க முடியாது.

கல் கொட்டினால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நடந்து முடிந்திருக்கிறது. அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீண்ட கல்லணைகள் தெற்கிலிருந்து வந்த மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலில் குவிந்து படகு நுழைய முடியாமல் அடைத்தது. கிடைக்க வேண்டிய மணல் கிடைக்காத வடபுறக் கரை உடைந்தது. ஒலுவிலில் தென்னந்தோப்புகளும் காணிகளும் கடலோடு போயின. அரிப்பு நிந்தவூர்ப் பக்கமும் நீண்டது. துறைமுகமும் பயன்படவில்லை, கரையும் இல்லை. அங்கும் மக்கள் "கடல் தின்றுவிட்டது" என்றே முதலில் சொன்னார்கள். கடல் எப்போதும்போலவே நடந்தது. மணலின் பாதையில் குறுக்கே ஒரு மதில் புதிதாக வந்திருந்தது.

தமிழ்நாட்டில் இதே பாடம் இன்னும் பழையது. 1876இல் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அணைகளுக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள். வடக்கே ராயபுரமும் அதற்கப்பாலும் அரிக்கப்பட்டு இன்று கருங்கல் குவியலாகக் கிடக்கின்றன. அதை யாரும் மெரினாவோடு சேர்த்துப் பேசுவதில்லை. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுக அணைகள் எழுந்தன, நகரத்துக் கடற்கரை மறைந்தது. கரையைக் காக்கக் கல் போட்டார்கள். கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. அங்கும் கல் போட்டார்கள். அப்படியே ஊர் ஊராக வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்த மீனவக் குப்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மதில் அரிப்பை நிறுத்துவதில்லை, பக்கத்து ஊருக்கு அனுப்பிவைக்கிறது. நகரத்துக் கரையின் ஒரு பகுதி திரும்பியது, தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018 அளவில் நீருக்கடியில் ஒரு செயற்கைப் பார் அமைத்த பிறகே. அது அலையை நிறுத்தவில்லை, சற்று முன்னதாகவே உடைய வைத்தது. ஓர் இயற்கைப் பார் செய்யும் வேலை அது.

பவளத்தைப் பற்றிய கட்டுக்கதைக்கு இங்கேதான் பதில். ஈழத்தில் முருகைக்கல் என்று சொல்லும் அந்தப் பொருளைப் பூ என்று நினைப்பவர் நெடுந்தீவில் அதனால் அடுக்கிய வேலிமதில்களைப் பார்க்க வேண்டும். 1836 ஏப்ரலில் பீகிள் கப்பலில் கீலிங் தீவுகளுக்கு வந்த சார்ள்ஸ் டார்வின் வியந்தது, பவளம் மிகத் திடமாக வளர்வது அலை மிகக் கடுமையாக உடையும் வெளிவிளிம்பிலேயே என்பதைக் கண்டுதான். 1842இல் வெளியான அவரது பவளப்பாறை நூலின் அடித்தளங்களில் அதுவும் ஒன்று. காரணம் எளிது. ஓடும் நீர் உணவும் உயிர்வளியும் கொண்டுவருகிறது, மேலே படியும் சேற்றைக் கழுவுகிறது, வெப்பம் தேங்காமல் கலக்கிவிடுகிறது. அலை அதிகம் உள்ள இடத்தில் பவளம் தடித்துக் குந்தி வளரும். சுண்ணாம்புப் பாசி அதன்மேல் படர்ந்து சீமெந்துபோல் இறுக்கும். ஒதுக்கில் கிளைவிட்டு மெலிந்து வளரும். புயல் கிளையை முறிக்கும், உண்மை. முறிந்த துண்டுகளில் சில வேறிடத்தில் வேர்கொள்ளும். மிச்சம் சிதைந்து மணலாகும். பவளத்தைக் கொறித்து மணலாகக் கழிக்கும் கிளிமீனோடு சேர்ந்து, மாலைதீவின் தீவுகளுக்கு மண் தருவது இந்த உடைவுதான்.

பவளத்தைக் கொல்வது வேறு. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையின் பவளம் வெளிறிச் செத்தது. திருகோணமலைப் பக்கத்துப் புறாமலை அந்த ஆண்டு பெருமளவு தப்பியது. அதைவிட நேரடியான கொலை கோடாலியாலும் வெடியாலும் நடந்தது. தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவு 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேயர். 2014இல் எஞ்சியது ஏறத்தாழ இரண்டு. மன்னார் வளைகுடாவில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. அந்த அலைகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தவை. மாறியது ஒன்றுதான்: சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் எனப் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டப்பட்டது. பார் போனதும் அதே அலை தீவைக் கரைத்தது. 2015க்குப் பிறகு சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் வான்தீவின் முன்னே கொங்கிறீட்டுப் பார்களை இறக்கிய பின் அழிவு தணிந்தது.

உலகெங்குமுள்ள அளவீடுகளைத் திரட்டி 2014இல் வந்த ஓர் ஆய்வு, பவளப்பார்கள் அலையின் சக்தியில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தணிக்கின்றன என்றது. பெரும்பகுதி பாரின் உச்சியிலேயே போய்விடுகிறது. ஆழிப்பேரலையில் இது எவ்வளவு பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தெற்கே பெரேலியவில் நீர் ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே பாய்ந்து ரயிலைக் கவிழ்த்ததற்கும், மூன்று கிலோமீற்றர் தள்ளி ஹிக்கடுவையில் ஐம்பது மீற்றரோடு நின்றதற்கும் பவள அகழ்வைக் காரணம் காட்டினார்கள் எச். ஜே. எஸ். பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும். இந்தோனேசியாவின் ஆச்சேயில் பார்த்தவர்கள் பவளம் அங்கே தடுக்கவில்லை என்றார்கள். ஆனால் அன்றாட அலையில் சந்தேகத்துக்கு இடமில்லை. இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டமும் அதன் திருத்தமும் முருகைக்கல் அகழ்வைத் தடைசெய்திருக்கின்றன. கல்லணைக்குக் குரல் கொடுப்பவர்கள் அந்தத் தடை எங்கே மீறப்படுகிறது என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா?

"கடல்மட்டம் உயர்கிறது. பழைய கணக்கு இனிச் செல்லாது" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். கடல்மட்டம் உயர்வது உண்மை. உப்பு கிணற்றில் ஏறும், தாழ்ந்த வயல் கெடும். ஆனால் அதிலிருந்து 'மதில் கட்டு' என்ற முடிவு வரவில்லை. துவாலு நாட்டின் 101 தீவுகளை 1971 முதல் 2014 வரை வான்படங்களில் அளந்தார்கள். அங்கே கடல் உலகச் சராசரியைப்போல் இருமடங்கு வேகத்தில் உயர்ந்தது. ஆனாலும் மொத்த நிலம் 2.9 விழுக்காடு கூடியிருந்தது. நான்கில் மூன்று பங்கு தீவுகள் வளர்ந்திருந்தன. 1972 ஒக்டோபரில் பேபே புயல் அங்கே புனாபுட்டியின் விளிம்பில் ஒரே இரவில் 19 கிலோமீற்றர் நீளத்துக்குப் பவளச் சிதைவு வரம்பொன்றைக் குவித்தது. பின்வந்த ஆண்டுகளின் அலைகள் அதைத் தள்ளித் தள்ளித் தீவுகளோடு ஒட்டின. மாலைதீவில் 2004 ஆழிப்பேரலைகூடத் தீவுகளின் மேல் மணல் பரப்பிவிட்டுப் போனது. இதை எடுத்து "அப்படியானால் கவலையில்லை" என்று சொல்பவர்களும் ஏமாற்றுகிறார்கள். 2007 மே மாதம் தொலைதூரப் புயலின் நெட்டலை மாலைதீவின் பல தீவுகளை நனைத்தபோது வீடுகளும் கிணறுகளும் கெட்டன. தீவு உயர்வது நீர் அதன்மேல் ஏறி மணலை விட்டுச்செல்வதால். ஏறும் நீர் வீட்டுக்குள் வந்தால் மனிதருக்குத் துன்பம். ஏறவே விடாமல் மதில் கட்டினால் நிலம் உயராது. உயரும் கடலோடு சேர்ந்து உயரக்கூடிய கரைக்கு மூன்று தேவை: உயிருள்ள பார், தடையில்லாத மணல், பின்னால் நகர இடம்.

மணலைப் பற்றிப் பேசும்போது வன்னியில் மௌனம் நிலவுகிறது. அரிப்புக் கூட்டத்தில் கடலைக் குற்றவாளியாக நிறுத்துகிறவர்கள் டிப்பர் லொறிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. வவுனியா மாவட்டத்தில் பிறக்கும் கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து சுண்டிக்குளத்தில் விழுகிறது. பேராறு நந்திக்கடலுக்குப் போகிறது. பெருவெள்ளத்தில் ஆறுகள் இறக்கும் மணல் கரையின் வரவு. போருக்குப் பிந்திய கட்டட வேலைகளுக்காக அந்த ஆற்றுப்படுக்கைகள் தோண்டப்பட்டது ஊரறிந்தது. மேலே குளங்கள் மணலை மறிக்கின்றன, கீழே லொறிகள் அள்ளுகின்றன. வரவு குறைந்த கரை மெலிந்தால் பழி அலைக்கு.

தெற்கு எல்லையில் இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. புல்மோட்டைக் கருமணல், அலை நூற்றாண்டுக் கணக்கில் சலித்துச் சேர்த்த பொருள். சாதாரண வெண்மணலின் அடர்த்தி 2.65, கருமணலிலுள்ள இல்மனைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 4.7. ஏறும் அலை இரண்டையும் கொண்டுவருகிறது. திரும்பும் நீர் இலேசானதை எடுத்துக்கொண்டு கனத்ததை விட்டுப்போகிறது. 1957இல் அரச கூட்டுத்தாபனம் தொடங்கியதிலிருந்து அகழ்வு நடக்கிறது. எடுத்த குழியை வாடைக்கடல் மீண்டும் நிரப்புகிறது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். நிரப்பும்தான். நிரப்பும் மணல் வானத்திலிருந்து விழுவதில்லை. பக்கத்துக் கரையின் கணக்கில் குறைகிறது. கொக்கிளாய்ப் பக்கத்தில் இல்மனைட்டுக்காகக் காணி எடுப்பதை அங்குள்ள மக்கள் எதிர்ப்பது உணர்ச்சிவசப்பட்ட அடம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். அலை கரையைக் கட்டுகிறது என்பதை அரசு நன்றாக அறியும். அறிந்ததால்தான் அந்த உழைப்பின் விளைவை அள்ளுகிறது.

முகத்துவாரம் வெட்டுவதும் இதே வகை. மாரியில் நந்திக்கடல் நிரம்பி வயலும் வீடும் மூழ்கும்போது வட்டுவாகல் பக்கத்தில் மணல்வாயை வெட்டிவிடச் சொல்வார்கள். சில வெள்ளத்தில் வேறு வழியில்லை. ஆனால் எங்கே, எவ்வளவு அகலத்தில், எந்த நாளில் என்பதில் கவனம் வேண்டும். களுத்துறையில் 2017 வெள்ளத்தின்போது கலிடோக் கரையின் மணல்வரம்பை வெட்டினார்கள். நீர் இறங்கியது. வெட்டிய இடத்தை அலையும் ஆறும் அகலமாக்கின, புகழ்பெற்ற கடற்கரை குலைந்தது. 2020இல் கடலிலிருந்து மணலை இறைத்துக் கொட்டி மீட்கப் பார்த்தார்கள். அதற்கான செலவும் அந்த மணல் நிலைக்காததும் நாடு முழுவதும் விவாதமாயின. நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கங்களாக அறிவிக்கப்பட்டன. களப்பை ஒதுக்கமாக்கிவிட்டு, அதைக் களப்பாக வைத்திருக்கும் மணல்வரம்பை யாருக்கும் சொந்தமில்லாததுபோல் நடத்துவது என்ன பேணல்?

கரையோரத்தில் வீடு இழக்கும் குடும்பத்துக்கு இந்த வாதமெல்லாம் ஆறுதல் தராது, தரவும் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது காணி. உள்ளே, நடந்து கரைக்குப் போகும் தூரத்தில், உறுதியோடு கூடிய காணி. கரையில் வள்ளம் ஏற்றவும் வலை காயவைக்கவும் வாடி அமைக்கவும் எழுத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமை. முல்லைத்தீவில் உட்புறக் காணியின் பெரும்பகுதி வன இலாகாவின், படையினரின், வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. கரையில் இடமில்லை என்பதல்ல உண்மை. விடப்படவில்லை. மீனவரைக் கடலுக்கும் வேலிக்கும் நடுவே நெருக்கிவைத்துவிட்டு, நெருக்குவது கடல் என்று சொல்லப்படுகிறது. கல்லணை கேட்கும் குரல்களில் பெரும்பாலானவை உண்மையில் காணி கேட்டுக் களைத்துப்போன குரல்கள்.

அளவீடும் வேண்டும். மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர். கொக்கிளாயிலிருந்து சுண்டிக்குளம்வரை நிலைக்கற்கள் நட்டு, வாடைக்கு முன்னும் பின்னும், சோளகம் முடிந்த பிறகும், கரையின் குறுக்குவெட்டை ஆண்டுதோறும் அளப்பது பெரிய செலவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரும் கடற்றொழிலாளர் சங்கங்களும் சேர்ந்தே செய்துவிடலாம். இந்தியாவில் கள்ளக்கடல் என்று கேரள மீனவர் சொல்லிவந்த தூரத்து அலைப்பெருக்குக்கு இன்று இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே 6ஆம் நாள் அந்த எச்சரிக்கை நடைமுறையில் இருந்தபோதே கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அடித்துச்செல்லப்பட்டார்கள். எச்சரிக்கை கரையில் நிற்பவரின் காதுக்குப் போய்ச் சேராவிட்டால் பயனில்லை. வன்னியின் மீனவக் கிராமங்களில் அது தமிழில், நேரத்துக்கு, ஒலிபெருக்கியிலும் கைத்தொலைபேசியிலும் வந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு எங்காவது ஓரிடத்தில், ஒரு வைத்தியசாலையையோ ஒரு பாலத்தையோ காக்கக் கல் போடுவது தவிர்க்க முடியாதென்று வரலாம். வரட்டும். ஆனால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம் அனுமதி தருமுன், அந்தக் கல் எந்தப் பருவத்தில் எவ்வளவு மணலை மறிக்கும், அதனால் எந்தெந்த ஊர்க் கரை மெலியும் என்பதை ஊர்ப்பெயரோடு அறிக்கையில் எழுத வேண்டும். மறித்த மணலை அப்பால் கொண்டுபோய்க் கொட்டும் செலவும், மெலியும் ஊர்களுக்கான இழப்பீடும் திட்டத் தொகையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். அந்த ஊர்களின் கடற்றொழிலாளர் சங்கங்கள் அறிக்கையைத் தமிழில் படித்து, கேள்வி கேட்டு, ஒப்பமிட்ட பிறகே முதல் லொறி கரைக்கு வரலாம்.